நோயென்று அழித்த வெள்ளைப் பூசணம்

சக்குபள்ளம்

ஆசை அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம். மழை மறுபடியும் பிடித்துவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அழத்தான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

எஸ்டேட்டில் இலையில் ஒட்டியதெல்லாம் நோய், பம்பில் ஊற்றியதெல்லாம் மருந்து. அப்படித்தானே பேசிப் பழகினோம்? போன மழையில் ஏலக்காட்டு ஓரத்துக் காப்பி இலைகளுக்கு அடியில், பச்சைச் செதில்பூச்சியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம் பூத்தது. சூப்பர்வைசர் அதை வெள்ளைநோய் என்றார். துரிசு என்கிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கி உன்னை அடிக்கச் சொன்னார். பூசணம் செத்தது, பூச்சி பெருகியது. இலையெல்லாம் பிசுபிசுத்து எறும்பு மொய்த்தது. அப்புறம்தான் பூச்சியைக் கொல்ல அந்த மருந்து டின் வந்தது.

முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல், எதிர்காற்றில் அடித்தாய். சொன்னதையெல்லாம் ஏன் செய்தாய்? வாயில் நுரை தள்ளத் தூக்கிவந்தார்கள். கம்பவுண்டர் வயிற்றுக்கோளாறு என்றார். குடித்திருப்பான் என்றார் சூப்பர்வைசர். கள்ளுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத உன்னைச் சொன்னார். அந்த நாக்கு அழுகாதா, அண்ணே?

இன்னும் கேள். கொஞ்ச நாளைக்கு முன்பு அரசாங்கத்துப் பூச்சி ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். ஓடைக்கு மேலே, துரிசு படாத செடிகளில் இலையைத் திருப்பிப் பார்த்தார். இந்தப் பூசணம் செடியை ஒன்றும் செய்யாதாம். பூச்சியின் உடம்பில் முளைத்து அதைக் கொல்லுமாம். துரிசு அடித்தால் பூசணம்தான் சாகுமாம். பூசணம் பிடித்த கொப்பை ஒடித்து மற்றச் செடியில் கட்டினால் ஈரத்தில் பரவுமாம். இதெல்லாம் ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். தெரிந்தவர்கள் போன மழையில் எங்கே இருந்தார்கள்?

நாங்கள் பெண்கள் வாழைநாரால் கொப்புகளைக் கட்டினோம். வெள்ளை மெல்லப் பரவுகிறது. சூப்பர்வைசருக்குத்தான் பொறுக்கவில்லை. நேற்றுக் காலை பம்பும் டின்னுமாக, எஸ்டேட் கொடுத்த நம் லயத்து வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எமர்ஜென்சி நேரம், வேலை மறுத்தால் போலீஸ் வரும் என்று மிரட்டினார். இவர் பம்பை எடுக்கக் குனிந்தேவிட்டார். நான் நடுவே போய் மறித்தேன்.

“போலீஸ் வரட்டும் சார். நீங்க நோய்னு சொன்னதுதான் மருந்து. மருந்துன்னு குடுத்தது விஷம். அதுலதான் எங்கண்ணன் போனான். வேணும்னா நீங்க முதுகுல மாட்டி அடிங்க, நாங்க பாக்குறோம்.”

பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். அவர் பம்பை வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் மழையில் கிடக்கிறது.

நாளைக்கு வேலை போகலாம். லயத்தைக் காலி செய்யச் சொல்லலாம். எது போனாலும், அந்தப் பம்பு இனி நம் வீட்டில் ஒரு முதுகிலும் ஏறாது. அந்த டின்னை மருந்து என்று என் வாயும் இனிச் சொல்லாது.

உன் கூடப்பிறந்தவள்,
லூர்து