பட்டறைக்குப் போன வாணலி

மார்ச் 3

அன்புள்ள மகாராணிக்கு,

நான் நலம். உன் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன வீடு குப்பையாகக் கிடக்கும் என்றுதானே நினைத்திருப்பாய்? சமையலறை முழுவதையும் சுத்தம் பண்ணிவிட்டேன். உன் இரும்பு வாணலி கரிபிடித்துக் கன்னங்கரேலென்று கிடந்தது. பட்டறைக்கு எடுத்துப்போய் மெருகுச் சக்கரத்தில் பிடித்தேன். இப்போது அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பித்தளைப் பானைக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, அதையும் விடாமல் சுரண்டி எடுத்துவிட்டேன். வந்து பார்த்தால் அசந்துபோவாய். சீக்கிரம் வா.

உன் பட்டறைக்காரன்


மார்ச் 9

பட்டறைக்காரருக்கு,

வயிறு எரிகிறது. கடிதத்தை அக்காவிடம் நீட்டினேன். "இந்த மனுஷன் உன்னைக் கூப்பிடறாரா, வெறுப்பேத்தறாரா?" என்று கேட்டாள்.

அது கரி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எண்ணெயும் சூடுமாக நான் ஏற்றிய கறுப்பு. அது இருந்ததால்தான் முட்டை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வந்தது. பானைக்குள் இருந்ததும் அழுக்கு இல்லை, ஈயப் பூச்சு. அது போன பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பேறிவிடும். அதில் எதையாவது சமைத்துத் தின்றுவைக்காதீர்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அலைய வேண்டும்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தையல் கடை முதலாளியம்மாவிடம் போய், "இனிமே அவ வேலைக்கு வரமாட்டா, வீட்டுல இருக்கட்டும்" என்று எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டு வந்தீர்களே, அன்றைக்கும் இப்படித்தான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். மறுநாள் கடைக்குப் போனால் என் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் டிபன் டப்பாவோடு நின்றேன் பாருங்கள், அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. அதற்காகத்தான் கிளம்பி வந்தேன்.

வாணலியைக் காப்பாற்றலாம். கழுவி, ஈரம் போக அடுப்பில் காயவிட்டு, துணியில் தொட்டு எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். புகையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கம்பி நார் பக்கமே போகாதீர்கள். மண்சட்டிக்குச் சோப்பு போட்டால் உறிஞ்சிக்கொள்ளும். நான்ஸ்டிக்கில் எவர்சில்வர் கரண்டியை விட்டுக் கிண்டாதீர்கள். மற்ற எதைத் தொடுவதானாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கேட்கிற பழக்கம் வந்தால், திரும்பி வருவதைப் பற்றி நானும் யோசிக்கிறேன்.

வாணலிக்குச் சொந்தக்காரி


மார்ச் 20

அன்புள்ள மகாராணிக்கு,

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டுகிற சாக்கில் இவ்வளவு நீளமாக எழுதினாயே, அதுவே சந்தோஷம். நீ சொன்னபடி செய்தேன். முதலில் எண்ணெயை அள்ளி ஊற்றிப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இப்போது பழுப்பு நிறம் வந்திருக்கிறது. முட்டை பாதி ஒட்டுகிறது, பாதி வருகிறது. பானையைத் தொடவே இல்லை, சத்தியமாக.

கடையில் நீ நின்ற கதையைப் படித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை. தப்பு என் மேல்தான். செய்த தப்பைச் சரிபண்ண வேண்டாமா? நேற்று போய் முதலாளியம்மாவிடம் கெஞ்சினேன். அந்தப் பெண்ணை வேறு மிஷினுக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை நீ வேலைக்கு வந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டேன். பஸ் டிக்கெட்டும் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இப்போது சந்தோஷம்தானே?

உன் பட்டறைக்காரன்


மார்ச் 25

பட்டறைக்காரருக்கு,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வேலையை விட்டு நிறுத்தவும் நீங்களே போனீர்கள், சேர்த்துவிடவும் நீங்களே போனீர்கள். நடுவில் நான் ஒருத்தி இருப்பது இந்தத் தடவையும் ஞாபகம் வரவில்லை. பானையை என்னைக் கேட்காமல் தொட மாட்டீர்கள், என் பிழைப்பை மட்டும் தொடுவீர்கள். படித்துவிட்டு, கத்த ஆளில்லாமல் அக்காவிடம் கத்தினேன்.

முதலாளியம்மாவுக்கு நானே போன் பண்ணி, நான் வரவில்லை, அந்தப் பெண்ணை அதே மிஷினில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு இங்கே சீருடை தைக்கிற கடைக்குப் போய் வேலை கேட்டேன். ஒரு சட்டைக் கையைத் தைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பானைக்கு ஈயம் பூசிக்கொள்ளுங்கள். வாணலியும் உங்களுக்கே இருக்கட்டும், அந்தப் பழுப்பு நீங்கள் ஏற்றியதுதானே. நான் புதிதாக ஒரு இரும்பு வாணலி வாங்கிவிட்டேன். இன்றைக்கு முட்டை அடியோடு பிடித்துக்கொண்டது, அக்கா சிரித்தாள். இது கறுக்க வருடக்கணக்காகும். ஆகட்டும், நான் இங்கேதான் இருக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
தையல்காரி