வாசல் ஆணியில் வெள்ளைக் கோட்டு

நம் பேத்தி ஜெனியின் வெள்ளைக் கோட்டைத் துவைக்க இன்று காலை வாசல் ஆணியிலிருந்து எடுத்தேன். வெல்லப்பாகு அடிப்பிடித்த வாசனை. துவைத்த கையோடு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேரில் உங்களை 'இன்னாய்யா' என்று கூப்பிட்டவள்தான். காகிதத்தில் மரியாதையாக எழுத வேண்டும் என்று அஞ்சாம் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆணி நீங்கள் அடித்தது. கெமிக்கல் கம்பெனியில் டிரம் கழுவிவிட்டு வருவீர்கள். சட்டையை ஆணியில் மாட்டி, குழாயடியில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பீர்கள். சட்டையைத் தனி வாளியில் ஊறவைப்பேன். கம்பெனியில் சரக்கைக் கரைக்க ஊற்றும் திரவத்தின் நெடி மூன்று அலசலுக்கும் போகாது.

வேலை முடிந்ததும் அந்தத் திரவம் எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"கால்வாய்ல ஊத்த சொல்றான், ஊத்திட்டு வரேன். நீ ஏம்மே அத்த கேக்கற?"

அன்றிலிருந்து, அந்தக் கால்வாய் போய்ச் சேரும் எண்ணூர் இறாலை நீங்கள் தொடவில்லை. காரணம் நான் கேட்கவில்லை.

ஜெனி கெமிஸ்ட்ரி எடுத்த அன்று, "இந்த வூட்ல ஒரு ஆளு இருமுனது போதும்" என்றீர்கள். "அந்த நாத்தத்த ஒழிக்கத்தான் தாத்தா படிக்கறேன்" என்றாள். "ஒழிச்சிட்டு வா. அதுவரைக்கும் உன் துணியும் ஆணியிலதான்" என்றீர்கள்.

அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த மாதமே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். நாலு வருஷமாக, வாராவாரம் துவைக்கக் கொண்டுவரும் கோட்டு வாசல் தாண்டியதில்லை. மழை வந்தால் பிளாஸ்டிக் பையால் மூடி மாட்டுவாள். "உள்ள எடுத்துனு வாடி" என்றால், "தாத்தா சொல்லல ஆயா" என்பாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்று கேட்டேவிட்டேன். "இன்னாடி, லேப்ல பாகு காச்சறியா?"

சிரித்தாள். "கிட்டத்தட்ட அதான் ஆயா. சர்க்கரைய கரைச்சு, சூடு பண்ணி, பிளாஸ்டிக் செய்யற சரக்கா மாத்தறோம். இப்போ அத்த பெட்ரோலியத்துலேர்ந்து எடுக்கறாங்க."

"கரைக்க இன்னா ஊத்துவ?"

"அதுவும் செடியிலேர்ந்து வர்றதுதான். ஆனா கிளவுஸ் போட்டுதான் தொடணும்."

"வேலை முடிஞ்சா கால்வாய்லயா?"

"ஐயே! காய்ச்சி, ஆவியாக்கி, குளிர வச்சி திரும்பப் புடிச்சுக்குவோம். அதுலயே அடுத்த சர்க்கரைய போடுவோம்."

"முழுசா திரும்புதா?"

"இல்ல ஆயா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொறையுது. அடியில கருப்பா பிசின் மாதிரி நிக்குது. டப்பாவுல எடுத்து வச்சிகினு கீறேன். அத்த இன்னா பண்றதுன்னு இன்னும் தெரியல."

'எல்லாம் திரும்புது' என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். எனக்கு என்ன தெரியும்? அப்படிச் சொல்லாமல், மிச்சம் எங்கே இருக்கிறது என்று சொன்னாள். உங்கள் முதலாளி ஒருநாளும் சொல்லாததை நம் வீட்டுப் பிள்ளை சொல்கிறது.

கோட்டில் மூக்கைப் புதைத்துப் பார்த்தேன். அந்த நெடி இல்லை. பழக்கத்தில் தனி வாளியைத்தான் எடுத்தேன். பிறகு திரும்ப வைத்துவிட்டு, என் புடவைகளோடு சேர்த்தே துவைத்தேன். இப்போது வீட்டுக்குள் கொடியில் காய்கிறது.

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், "கோட்டு எங்க ஆயா?" என்பாள்.

"உள்ள கீது. உன் தாத்தாவுக்கு நான் எழுதிட்டேன்" என்பேன்.

ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. அந்தப் பிசினுக்கு அவள் வழி கண்டுபிடிக்கும் வரை, ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவளிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.