சிலைக்குள் சத்தம்

மார்ச் 3

அருமை அக்காவுக்கு,

நீ செய்து அனுப்பிய இவருடைய தலைச்சிலை ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. மூக்கு அச்சு அசல் அவரேதான். "நேர்ல இருக்கிறதைவிட நல்லா இருக்கேனே!" என்று அவருக்கு வாயெல்லாம் பல். கண் மட்டும் எங்கே நின்று பார்த்தாலும் நம்மைத் தாண்டிப் போகிறது.

இன்னொன்று. தூக்கினால் உள்ளே ஏதோ கடகடவென்கிறது. மண்கட்டியா? பிள்ளைகள் உருட்டி உருட்டிக் கேட்கிறார்கள், நான் பிடுங்கி அலமாரி மேலே வைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் குட்டி

மார்ச் 10

குட்டிம்மா,

மண்கட்டி இல்லை. என் சிலைகளுக்கு உள்ளே வெற்றிடம்தான். சூளையில் வைக்குமுன் உச்சந்தலையை மூடும்போது, எதிரே உட்கார்ந்தவரிடம் சொல்வேன்: "இனிமே உங்களுக்கு வேண்டாத ஒண்ணை உள்ள போடுங்க." நான் திரும்பிக்கொள்வேன். முகத்தை நான் செய்யலாம், உள்ளே இருக்கும் ஆளை அவர்தானே வைக்க வேண்டும்? பலரும் ரொம்ப யோசிப்பார்கள், கடைசியில் ஒரு பொத்தானைப் போட்டு என்னை ஏமாற்றுவார்கள். உன் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. நான் திரும்பி முடிப்பதற்குள் டொக்கென்று விழுந்தது.

கண்ணை நாலைந்து தடவை திருத்தினேன். திரும்பத் திரும்ப வாசலையே பார்த்தது. அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். உடைத்துப் பார்க்காதே.

அக்கா

மார்ச் 21

அக்கா,

உனக்குப் போன் அடித்தால் எடுக்கவே மாட்டாய், கை முழுக்க மண்.

ஆபீஸ் வேலை, ரெண்டே நாள் என்று வெளியூர் போனவர் இன்னும் வரவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது. ஆபீஸில் கேட்டால், "அவர் வேலையை விட்டுட்டாரேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். கிளம்பும்போது சிலையின் தலையைத் தடவி, "இவன் வீட்டைப் பாத்துப்பான்" என்றார். நானும் சிரித்தேன், பைத்தியக்காரி! மறதிப் பேர்வழி, வீட்டுச் சாவியைக்கூட ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

குட்டி

மார்ச் 24

குட்டிம்மா,

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே இங்கே வா. சிலையைத் தொடாதே, உன் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறதே, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். இங்கே உட்கார்ந்திருந்தபோது, "இது இருந்தா நான் இல்லாத குறை தெரியாதுல்ல?" என்று கேட்டார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேனடி.

அக்கா

மார்ச் 29

அக்கா,

தூக்கித் தரையில் போட்டேன். உள்ளே இருந்தது எங்கள் வீட்டுச் சாவி. சூளையில் வெந்து கறுத்திருக்கிறது, ஆனாலும் என் சாவியோடு பல்லுக்குப் பல் பொருந்துகிறது.

உன்னிடம் சிலைக்கு உட்கார்ந்துவிட்டு வந்த அன்று, பஸ்ஸில் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்றார். திட்டிக்கொண்டே நான்தான் வேறு வெட்டிக் கொடுத்தேன். அதுதான் ஆணியில் தொங்குகிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டு, இத்தனை மாதம் என் கையால் வாங்கிச் சாப்பிட்டாரே அக்கா!

நீ அந்தக் கண்ணைப் பார்த்தாய். அந்தப் பேச்சைக் கேட்டாய். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அவர் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் அங்கே வரவில்லை. பூட்டை மாற்றிவிட்டேன். நீ வருவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வா. உன்னிடம் இருக்கும் சாவியும் இனி இந்தக் கதவுக்குச் சேராது.

இப்படிக்கு,
உன் தங்கை