தண்ணீர்த் தொட்டியும் பிளந்த பாறையும்

நொச்சிக்குப்பம்,
ஜனவரி 11.

என் பேரன் பாரத்துக்கு உன் ஆயா கெங்கம்மா எழுதுவது. முட்டிவலி ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. மலைக்குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் எல்லையம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

போன் போட்டால் நீ கிடைப்பதில்லை. சிக்னல் இல்லாத இடம் என்று பெருமையாகச் சொல்லித்தான் அங்கே ஆட்களை வரவழைக்கிறார்களாமே. இங்கே அரை மணி கரண்ட் போனால் நான் இ.பி. ஆபீசில் போய் நிற்கிறேன். நல்ல கூத்து. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். அஞ்சாவது வரைதான் படித்தேன் என்றாலும் என் எழுத்து இன்றைக்கும் கோணாது. போன தடவை போஸ்ட் ஆபீஸ் பெண் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் எழுதினது என்று கேட்டாள். நான்தான் என்றேன். நம்பவில்லை.

நீ அனுப்பிய படங்களை லூப் ரோடு மார்க்கெட்டில் நான் காட்டாத ஆள் இல்லை. அந்த ஏரி, சுற்றிலும் காடு, கரையில் மரத்தால் கட்டின குட்டி வீடுகள், வெள்ளை வெள்ளையாகக் கூடாரங்கள். கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை, வெந்நீர் வரும் பாத்ரூம். அதற்குக் கிளாம்பிங் என்று பெயர் என்று சொன்னாய். உன் தாத்தா வலைக்குக் காவலாக மணலில் கூடாரம் போட்டுப் படுத்தபோது கொசுவும் நண்டும்தான் கூடப் படுத்தன. பக்கத்துக் கடைக் காவேரி, "யக்கா, உன் பேரன் ஃபாரின்ல கீறானா?" என்று கேட்டாள். நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு படம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. படகில் துடுப்போடு நிற்கிறாய், மேலே உப்பின ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். காவேரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. ஏன் நைனா, நாலு வயசில் கட்டுமரத்திலிருந்து குதித்தவன் நீ. கடலில் வளர்ந்தவனுக்கு அந்த ஏரி ஒரு அண்டாத் தண்ணீர். அணை கட்டினபோது மூழ்கின மரங்கள் இன்னும் அடியில் நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். நிற்கட்டும். டவுனிலிருந்து வருகிறவர்கள் போடட்டும், கெங்கம்மா பேரன் போடுவானா? கழற்றி வை. நீ போடாமல் நின்றால்தான் ஏறுகிறவர்களுக்கும் தைரியம் வரும்.

ஒரு நல்ல சேதி. கச்சேரி ரோடு கைசர் ஜஹான் அம்மாவின் மகள் ஆஃப்ரீன் ஞாபகம் இருக்கிறதா? நீ சைக்கிளில் மீன் கொண்டு போனால் கதவுக்குப் பின்னால் நின்று, நெத்திலி இருக்கா அண்ணா என்று கேட்குமே, அந்தப் பெண். இப்போது பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குடியரசு தின லீவில் ஆபீஸ் தோழிகள் நாலு பேரோடு உன் ஏரிக்குத்தான் வரப்போகிறது. படத்தைக் காட்டி ஆசை மூட்டினதே நான்தான். அம்மாக்காரிக்கு மனசில்லை. புருஷன் போன வீட்டில் ஒரே மகள், நீச்சலும் தெரியாது. "என் பேரன் கீறாம்மா அங்க. என் மடியில வுட்ட மாதிரி நெனச்சுக்கோ" என்று நான் சொன்ன பிறகுதான் சரி என்றாள். இருபது வருஷமாக அந்த வீட்டுக்கு மீன் கொடுக்கிறேன், என் வாய்ச்சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. விடியற்காலையில் ஏரியில் பனி எழும்புவதைப் பார்க்க வேண்டுமாம், அந்தப் பெண்ணுக்கு எந்நேரமும் அதே பேச்சு. நல்லபடி சுற்றிக் காட்டு.

வேளைக்குச் சாப்பிடு. காதுக்குக் குல்லா போடு. நீ தலைநிமிர்ந்து இருந்தால்தான் நானும் இங்கே நிமிர்ந்து நடப்பேன்.

உன் ஆயா,
கெங்கம்மா.


நொச்சிக்குப்பம்,
பிப்ரவரி 8.

பாரத்துக்கு ஆயா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. இங்கேயும் யாரும் நன்றாக இல்லை.

அங்கே போன் போட்டால் உன் முதலாளி எடுக்கிறார். பையன் வேலையாக இருக்கிறான் என்று வைத்துவிடுகிறார். அதனால் இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு உன் கையில்தான் கொடுப்பார்களாம். நான் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்க இந்தக் குப்பத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இதை இன்னொருத்தர் காதில் போட எனக்கு வாய் வரவில்லை. எழுத்து இந்தத் தடவை கோணியிருக்கும். பார்த்துப் படி.

இன்றோடு பதினாலு நாள். தினமும் கச்சேரி ரோட்டுக்குப் போகிறேன். மீன் கொண்டு போவதில்லை. "தண்ணியில கெடந்தது எதையும் வாயில வெக்க முடியல கெங்கம்மா" என்று கைசர் ஜஹான் அம்மா சொல்லிவிட்டாள். வெறுங்கையோடு போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வெள்ளைத் துணி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். அவர்களில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டும் ஜைதூன் பீ இரண்டு முறை வந்தாள், உடம்பு கிடைத்ததா என்று கேட்டாள், திரும்பிப் போனாள். குளிப்பாட்டி, அந்தத் துணியைச் சுற்றி, தொழுது, மண்ணில் வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த அம்மா காத்திருக்கிறாள். மகள் உயிரோடு வருவாள் என்ற ஆசையெல்லாம் முதல் இரண்டு நாளோடு போயிற்று.

நீ போலீசில் கையெழுத்துப் போட்ட தாளை கைசர் ஜஹான் அம்மாவின் தம்பி வாங்கி வந்து படித்துக் காட்டினார். ஆஃப்ரீன் விடியலில் யாருக்கும் சொல்லாமல் தானே படகை அவிழ்த்துக்கொண்டு போனதாம். தோழிகளும் நீயும் எல்லோரும் தூக்கமாம். வெறும் படகு அணை மதகுப் பக்கம் கிடந்ததாம். அதை நம்பி ஃபயர் சர்வீஸ்காரர்கள் அஞ்சு நாள் மதகுப் பக்கமே தேடிவிட்டு மலை இறங்கிவிட்டார்கள்.

அதோடு போகவில்லை. தானே போனாள் என்றால் ஏன் போனாள் என்று கேட்கிறார்கள். எவனாவது ஏமாற்றினானா, வயிற்றில் ஏதாவதா என்று எதிர்வீட்டில் கிசுகிசு. நேற்று கைசர் ஜஹான் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம சாவற அளவுக்கு நான் இன்னா பண்ணேன் கெங்கம்மா?" என்று கேட்டாள். நைனா, அதற்குப் பதில் என் வாயில் இருந்தது. நான் அதை விழுங்கிக்கொண்டு அவள் கொடுத்த டீயைக் குடித்தேன்.

டி.வி.யில் உன்னைக் காட்டினார்கள். முதலாளி பேசுகிறார், பின்னால் நீ தலைகுனிந்து நிற்கிறாய். இரண்டு கையிலும் கட்டு. தூங்கினவனுக்குக் கையில் ஏது காயம்? நீ குதித்திருக்கிறாய். மூழ்கி மூழ்கித் தேடியிருக்கிறாய். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும், அந்தத் தண்ணீர் தூக்காது என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போனிலிருந்து நீ கூப்பிட்டாய். மார்க்கெட்டில் ஏலக் கூச்சல். நீ அழுதுகொண்டே சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் அப்படியே இருக்கிறது. "ஆயா, போட்டு தண்ணிக்குள்ள கீற மரத்துல இடிச்சு கவுந்துச்சு ஆயா. ஒரு பொண்ணு. நான் ஜாக்கெட் போடல, அத்தப் பாத்துட்டு அதுவும் வாணாம்னுச்சு. மூணாவது கூடாரத்துக்குப் பின்னால கீற தண்ணித் தொட்டி, பொளந்த பாறைக்கு நேரா நின்னுச்சு. இந்தாண்ட கிச்சன் புகைபோக்கி ஒத்தைத் தைலமரத்துக்கு நேரா. அங்கதான் ஆயா, அங்கதான்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் அது என் கையெழுத்தில் இருக்க வேண்டும். "யாராண்டயும் வாயத் தொறக்காத. மொதலாளி இன்னா சொல்றாரோ அத்தக் கேளு" என்றேன். போனை வைத்தேன். அடுத்து வந்தவருக்கு வஞ்சிரம் எடை போட்டேன். எந்தப் பொண்ணு என்று நான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் கச்சேரி ரோட்டிலிருந்து ஆள் வந்தது.

யாரையும் நம்பி ஏறாத பெண், தனக்கு மீன் கொண்டு வந்து கொடுத்த அண்ணன் என்று உன்னை நம்பி ஏறினாள். நீ நான் சொன்னதைக் கேட்டு ஜாக்கெட்டைக் கழற்றினாய். நான் சொன்னதைக் கேட்டு வாயையும் மூடிக்கொண்டாய். சின்ன வயசிலிருந்து நீ என் பேச்சைத் தட்டினதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

இடம் மறந்துவிட்டது என்று நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், என்னிடம் சொல்ல முடியாது. நம் ஆட்கள் தண்ணீரில் கையை நனைத்ததும் கண் தானாகக் கரைக்குப் போகும். லைட் ஹவுசுக்கு நேராக எது நிற்கிறது, சாந்தோம் கோபுரத்துக்கு நேராக எது நிற்கிறது என்று இரண்டு பக்கம் நேர் பிடித்தால் வலை அறுந்து விழுந்த இடத்துக்கு ஒரு மாசம் கழித்தும் போய் நிற்கலாம். பயத்திலும் அழுகையிலும் நீ அதைச் செய்திருக்கிறாய். படகை மதகுக்கு யார் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நாலு அடையாளத்தையும் யாராலும் இழுத்துக்கொண்டு போக முடியாது.

உன் தாத்தா கடலில் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். அன்றைக்குப் போட்டை ஓட்டினது கோபால். குடித்திருந்தான். அவன் தப்பால்தான் கவிழ்ந்தது. அவன் மட்டும் நீந்திக் கரையேறினான். எந்த இடம் என்று தெரியாது என்று அவன் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மணலில் விழுந்து வாந்தி எடுத்துக்கொண்டே நேர் சொன்னான். நான் துடைப்பத்தால் அடித்தேன். ஆம்பளைகள் காலால் மிதித்தார்கள். மிதி வாங்கிக்கொண்டே இன்னொரு தடவை சொன்னான். குப்பத்துப் போட்டு அத்தனையும் அங்கே போயிற்று. சாயங்காலம் தாத்தா வந்தார். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அது ஒன்று கிடைத்ததால்தான் அடுத்த மாசம் என்னால் கூடையைத் தூக்க முடிந்தது. கோபாலோடு நான் இன்றுவரை பேசினதில்லை. ஆனால் அவன் மகள் கல்யாணத்துக்குப் போனேன். சாப்பிடாமல் வந்தேன். போனேன்.

நாளைக் காலை இதைப் போஸ்ட் பண்ணிவிட்டு நேராகக் கைசர் ஜஹான் அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். மடியில் விட்ட மாதிரி என்று சொன்னதில் ஆரம்பித்து, வாயைத் திறக்காதே என்று சொன்னது வரை. அவள் செருப்பை எடுத்தால் வாங்கிக்கொள்வேன். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ். அவளும் அவள் தம்பியும் நானும். என்னோடு ஒரே பஸ்ஸில் உட்கார மாட்டேன் என்று அவள் சொன்னால், நான் வேறு பஸ்ஸில் வருவேன்.

இது உனக்குப் புதன்கிழமை கிடைக்கும். வியாழன் ஒரு முழு நாள் உனக்கு இருக்கிறது. நாங்கள் வந்து சேர்வதற்குள் நீயே ஸ்டேஷனுக்கு நடந்து போ. அந்தப் பெண் தானாகப் போகவில்லை, நான் கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல். முதலில் அதைச் சொல். பிறகு இடத்தைச் சொல். என் ஜனவரிக் கடிதத்தை வைத்திருந்தால் அதையும் கொடு. இதையும் கொடு. ஜெயிலுக்குப் போவாய் என்று முதலாளி பயமுறுத்தியிருப்பார். போவாய்தான். பொய் சொல்லி உன்னைக் கூப்பிடவில்லை. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. என் கால் நடக்கிற வரைக்கும் வந்து பார்ப்பேன்.

நீ போகவில்லையென்றால் வெள்ளிக்கிழமை காலை அந்தக் கரையில் நின்று நான் காட்டுவேன். தொட்டி, பாறை, புகைபோக்கி, தைலமரம். நாலும் எனக்கு மனப்பாடம். ஆனால் அது உன் வேலை நைனா. என் கையில் விட்டுவிடாதே.

தாத்தாவின் கம்பளியை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். மலையில் ஸ்டேஷன் தரை ஐஸ் மாதிரி இருக்குமாம். வரும்போது கொண்டு வருகிறேன்.

ஃபயர் சர்வீஸ்காரர்களை அந்த இடத்துக்கு நீதான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். படகில் ஏறுவதற்கு முன்னால் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள். வாரை நன்றாக இழுத்துக் கட்டு. யார் சிரித்தாலும் கழற்றாதே. ஆயா சொல்கிறேன், இந்த ஒரு தடவையும் என் பேச்சைக் கேள்.

உன் ஆயா,
கெங்கம்மா.