கடல் கடந்த அலுமாரியும் அதன் திறப்பும்

நெடுந்தீவு,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பிரியவதனி அக்காவுக்கு,

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது: தியாகலிங்கம் மாமா கனடாப் பயணத்தில் போடவென்று வாங்கிய சேட்டின் இடது கையை எங்கள் கறுத்த ஆடு தின்றுவிட்டது. ஆடு நலம், மாமாவும் நலம், நாங்களும் அப்படியே. நீங்களும் அத்தானும் அங்கே கனடாக் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்க அம்மா பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறா. இதில் சொல்வது அம்மா, எழுதுவது நான்.

அம்மாவின் பழைய போன் நிறைந்து ஒரு படமும் எடுக்க ஏலாமல் கிடந்தது. மாற்றவும் மனமில்லை, அப்பா ஆட்டை ஏசிப் பேசுகிற வீடியோக்கள் அதற்குள்தான், அவர் போன பிறகு அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. வீட்டு விஞ்ஞானியாகிய நான் எல்லாவற்றையும் கிளவுட்டில் ஏற்றுவோம் என்றேன். அது ஆருடைய வீட்டு அலுமாரி எண்டு அம்மா கேட்டா. சரியான கேள்வி. அப்பா யாழ்ப்பாணத்தில் வாங்கிய அலுமாரியைக் கழற்றி, ஒவ்வொரு பலகையிலும் விலாசமும் இலக்கமும் எழுதி, குறிகட்டுவான் இறங்குதுறையில் இடமிருந்த வள்ளங்களில் ஏற்றிவிட்டாரே, ஐந்தாம் பலகை முதலில் வந்தது, மூன்றாவது வரவேயில்லை, அதை மட்டும் கடையில் திருப்பிக் கேட்டு எடுத்து இலக்கப்படி பொருத்திப் பூட்டினார். வீடியோவும் அப்படித்தான் துண்டு துண்டாகப் போகும், வழியில் நிற்கும் ரவுட்டர்கள் இறங்குதுறை ஆட்களைப் போல விலாசம் பார்த்து அடுத்த வள்ளத்தில் ஏற்றும் என்றேன். போய்ச் சேருவது பெரிய கட்டடங்களில் அடுக்கடுக்காய் நிற்கும் சேவர் கணினிகளுக்கு. நாங்கள் ஒரு தட்டு வாடகைக்கு எடுக்கிறோம், நிறைந்தால் இன்னொரு தட்டு. ஒரே சாமானை வேறு வேறு ஊர்க் கட்டடங்களில் வைப்பார்கள், ஒன்று எரிந்தாலும் மற்றது இருக்கும், ஒரே இடத்தில் வைப்பவன் மடையன் என்றும் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அப்ப அலுமாரிப் பூட்டின் திறப்பு ஆரிட்டை எண்டா. பாஸ்வேர்ட்தான் திறப்பு, அது என்னட்டை எண்டன். அதுதான் பயமாக் கிடக்கு எண்டா.

ஆனாலும் ஏற்றி முடிந்தது என்று நான் சொன்னதை நம்பி முந்தநாள் போனைக் கடையில் கொடுத்துப் புதிது எடுத்துவிட்டா, கடைக்காரர் பழையதை முழுக்க அழித்தும் விட்டார். மாமாவிடம் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் தந்துவிடுகிறோம். மாவைச் சல்லடையில் அரித்துத்தான் கூழ் காய்ச்ச வேண்டுமாம், வெளியே போனால் தொப்பி போட வேண்டுமாம். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நல்லாயிருக்க வேண்டும் என்று சொல்லிக் கண்ணைத் துடைக்கிறா.

வாயால் எழுதிய அம்மா நிமலினி,
கையால் எழுதிய தம்பி மிதுஷன்

அக்கா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஏற்றி முடிந்தது என்று நான் சொன்னது பொய். எங்கள் சிக்னலில் நானூற்றுப் பன்னிரண்டு வீடியோவில் ஆறுதான் ஏறியது. மிச்சத்தைப் பிறகு ஏற்றுவோம் என்றிருக்க, பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் போன் போய்விட்டது. நல்ல காலம், முதலே ஒரு பென்ட்ரைவில் கொப்பி எடுத்திருந்தேன். அந்த ஆறைத் தவிர உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான், ஒரே இடத்தில் வைத்த மடையன் நான்தான். அது ஒடியல் மாத் தகர ரின்னின் அடியில், பொலித்தீனில் சுற்றிக் கிடக்கிறது. மாமாவுக்கும் தெரியாது. கூழுக்கு முதல் மாவை அரியுங்கோ, அங்கேயிருந்து ஏற்றிவிட்டுத் திறப்பை நீங்களே வைத்திருங்கோ. அதுவரைக்கும் அப்பா மாவுக்குள் இருந்து ஆட்டைப் பேசிக்கொண்டு வருவார்.