பின்னலுக்குத் தரம்

ஜமுனாமரத்தூர்

எங்கள் வீட்டுத் தேர்வு அதிகாரிக்கு,

போனில் பேசினால் பாப்பா கேட்டுவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மதிப்பீட்டுப் படிப்பு முடிந்ததும் சென்னையில் வினாத்தாள் தயாரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, பாப்பாவை நினைத்தால்தான் தயக்கம் என்றாயே, அன்றைக்கு ஸ்பீக்கரில் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இங்கே ஒரு குறையும் இல்லை. சாமை அறுப்பு முடிந்தது. பாப்பாவுக்கு நான்தான் தலை பின்னுகிறேன். வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று தரம் பிரிப்பதைப் பார்த்து, என் பின்னலுக்கும் தினமும் தரம் போடுகிறாள். "இன்னாப்பா இது, இன்னும் அரும்புதான்" என்பாள். நீ பேசிய மறுநாள் காலையில் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், "மலர்ப்பா! அம்மாகிட்ட சொல்லிடு" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வழியில் புளியமரத்தடியில் நின்று, நான் போட்ட பின்னலை அவிழ்த்துவிட்டுத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை மறைவில் நின்றுவிட்டு, அப்புறம்தான் கூப்பிட்டேன்.

அவளிடம் எதுவும் கேட்காதே. வேலையில் சேர்ந்துவிடு.

இன்னும் அரும்பிலேயே இருக்கும்
உன் வீட்டுக்காரன்