மூன்று வயதில் பேசியவன்

பாடாலூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள மகன் கலைச்செல்வனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மருமகள் ஹேமலதாவும் உன் மகன் சத்யாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கெட்டுப்போனது என் நாக்கு ஒன்றுதான், நீ தோகாவில் வெயிலுக்குத் தப்பி நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாதென்று எழுதுகிறேன். சின்ன வெங்காயம் பிடுங்கியாயிற்று, விலை வழக்கம்போல நாம் விற்ற மறுநாள் ஏறியது.

சத்யாவுக்கு ரெண்டரை வயது முடிந்தும் ஒரு சொல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து வந்துவிடுவான், பயலுக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, மரியாதைதான் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உன் அம்மா கோயில் மணியில் தேன் தடவி வழித்து அவன் நாக்கில் வைத்தாள், இப்போது மணியைக் கண்டாலே வாயைத் திறக்கிறான், சொல்தான் வரவில்லை. போன வருஷமே அங்கன்வாடி டீச்சர் செங்கமலம், "மாமா, புள்ள மொகம் பாக்க மாட்டேங்குது, பெரம்பலூர்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொன்னதும் ஹேமலதா பையை எடுத்துவிட்டாள். உன் புருஷனே மூணு வயசுலதான் பேசினான் என்று சொல்லி அவளைத் தடுத்தது நான். அவள் உன்னிடம் கேட்க, நீயும் ஏதோ நினைவிருப்பதுபோல ஆமாம் என்றாய். உன் அம்மாவுக்கு உண்மை தெரியும், அவளும் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு இரண்டு வயதிருக்கும், அங்கமுத்து மருந்தடிக்கிற மிஷினை இரவல் கேட்டு வந்தபோது நான் உள்ளே ஒளிந்துகொண்டேன். நீ வாசலில் நின்று, "அப்பா உள்ளதான் இருக்காரு, இல்லன்னு சொல்லச் சொன்னாரு" என்றாய். அப்படிப்பட்ட உன்னைத்தான் மூன்று வயதுவரை ஊமையாக்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சத்யா மெயின் ரோட்டை நோக்கி நடந்துவிட்டான், ஹேமலதா கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை, ஓடிப்போய்த் தூக்கினாள். மறுநாள் யாரையும் கேட்காமல் பெரம்பலூருக்குக் கிளம்பினாள், நானும் பின்னாலேயே பஸ் ஏறினேன். குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா என்று டாக்டரம்மா கேட்டதும் அவள் உன் பெயரைச் சொன்னாள். எழுதப் பேனாவை எடுத்தார்கள். "அது பொய்ங்க டாக்டரம்மா, நான் சொன்னது" என்றேன். ஆட்டிசமாக இருக்கலாம், இன்னும் பார்த்துத்தான் சொல்ல முடியும், பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாம், போன வருஷமே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்கள். அந்த ஒரு வருஷத்தைத் தின்றவன் நான். ஹேமலதா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆக, வீட்டில் பேசாதவர்கள் இப்போது இரண்டு பேர்.

வாரம் மூன்று நாள் பயிற்சி, சத்யாவைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது நான்தான். நீ இன்றைக்கே அவளுக்குப் போன் போட்டு, நினைவிருக்கிறது என்று நீ சொன்னதும் பொய் என்று ஒத்துக்கொள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று ஆரம்பிக்காதே, அதையெல்லாம் உனக்கும் சேர்த்து நானே பேசி முடித்துவிட்டேன். சிறுவாச்சூர் அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. சத்யாவும் ஒருநாள் வாசலில் நின்று, தாத்தா உள்ளதான் இருக்காரு என்று என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒளிந்துகொள்ள நான் தயாராக இருக்கிறேன்.

உன் அப்பா,
செல்லதுரை